யோசித்து ஏறும் கார்

என் காருக்குக் கிளட்ச் போய்விட்டது என்று முதன்முதலில் தீர்ப்புச் சொன்னவர் என் கொழுந்தன். அந்தக் காரில் மிதிப்பதற்குக் கிளட்சே கிடையாது. பிரேக், ஆக்ஸிலேட்டர், அவ்வளவுதான். கொஞ்சம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் போடியில் ஜீப்பு ஓட்டுகிறவர்கள் எந்த வண்டியையும் குனிந்து பார்ப்பதில்லை. தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவார்கள். அதிலும் என் கொழுந்தன் விடிவதற்கு முன்னால் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகிறவர். வண்டி விஷயத்தில் அவர் சொன்னால் எங்கள் தெருவில் மறுபேச்சுக் கிடையாது. மறுபேச்சுப் பேசுவது நான் ஒருத்திதான். அதனால் எனக்கு அங்கே நல்ல பெயரும் கிடையாது.

போடிமெட்டுக்கு மேலே, கேரள எல்லையைத் தாண்டி, எனக்குப் பிறந்த வீட்டுச் சீராக வந்த ஒரு சின்ன ஏலத்தோட்டம் இருக்கிறது. என் கணவருக்குக் கடைவீதியில் உரக்கடை. அவர் கடையை விட்டு நகர மாட்டார். தோட்டம் என் பாடு. முன்பெல்லாம் கொழுந்தனின் ஜீப்பில்தான் போவேன். அதில் போனால் அவர் கிளம்பும்போது கிளம்ப வேண்டும், அவர் திரும்பும்போது திரும்ப வேண்டும். காய் எடுப்பு பாதியில் நிற்கும், ஸ்டோரில் காய் உலர்ந்ததா என்று பார்க்க ஆள் இருக்காது, கீழே இருந்து ஹாரன் அடிப்பார். போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும். அப்படி ஓடி வந்த ஒரு நாளில்தான் வழுக்கி விழுந்து இடது முழங்கால் போனது. மதுரையில் ஆபரேஷன் செய்து அனுப்பினார்கள். நடக்கலாம், ஆனால் அந்தக் காலால் எதையும் அழுத்தி மிதிக்க முடியாது.

அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி புதுக் கார் வாங்கினான். அவனுடைய பழைய ஆட்டோமேட்டிக் கார் எனக்கு வந்தது. இடது காலுக்கு அதில் சோலியே இல்லை. கம்பளத்தில் நீட்டி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் நான் நினைத்த நேரத்துக்குக் கிளம்பி, தோட்டத்தில் என் வேலை முடிந்த பிறகு நிதானமாக இறங்குவேன். இடையில் தோன்றினால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் பால் விடாத ஒரு கட்டன் சாயா குடிப்பேன். அந்தச் சாயாவின் ருசி ஜீப்பில் போகிறவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கார்தான் மக்கர் செய்ய ஆரம்பித்தது. போடிக்குள்ளே சமத்தாக ஓடும். அடிவாரத்து முந்தலைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் புத்தி மாறிவிடும். வளைவில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் என்ஜின் மட்டும் ஓவென்று கத்தும், கார் நகராது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முதுகில் யாரோ குத்தியது மாதிரி ஒரு குதி குதித்து ஏறும். காலையில் கிளம்பக் கியரை ‘டி’ எழுத்தில் போட்டாலும் அதே கதைதான். போகலாமா வேண்டாமா என்று அதற்கு ஒரு ஆலோசனை.

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. கிளட்ச் என்றார் கொழுந்தன். கிளட்ச் கிடையாது என்றேன். அப்படியானால் அதுதான் கோளாறு, கிளட்ச் இல்லாத வண்டி எப்படி மலை ஏறும் என்றார். கணவரின் மூத்த அண்ணன், சிலமலையில் டிராக்டர் வைத்திருப்பவர், டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார். இது பெட்ரோல் வண்டி என்றேன். அவர் அதற்கும் தலையாட்டினார். தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போனோம். அங்கே இருந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர்பாக்ஸ் முடிந்தது, கழற்றி வேறு போட வேண்டும் என்று டீ குடித்துக்கொண்டே சொன்னார். பானட்டைக்கூடத் திறக்கவில்லை.

என் கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு, விற்றுவிடலாம் என்றார். ராசிங்காபுரத்தில் ஒருவர் இந்த மாதிரிக் காரை வாங்கிப் பிரித்து விற்கிறாராம். எனக்குச் சுருக்கென்றது. கார் போனால் நான் மறுபடியும் ஜீப்பில் கடைசி ஆளாக ஏறி, ஹாரனுக்குப் பயந்து ஓட வேண்டும். ஓடுவதற்கும் இப்போது கால் இல்லை. ஆக, தோட்டத்தைக் கொழுந்தன் பார்த்துக்கொள்வார், நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குக் கேட்கலாம். எனக்கு அது ஆகாது என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அன்று முதல் அடுப்படியில் செல்போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு படிப்பு ஆரம்பமானது. தோட்டத்துக் கொடுக்கல் வாங்கலில் மலையாளம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு மலையாளி மெக்கானிக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வீடியோவில் பேசுவார். இன்ன கோளாறுக்கு இன்ன காரணம் என்று அவர் அடுக்கும்போது எனக்குச் சாம்பார் அடிப்பிடிக்கும். கியர்பாக்ஸைக் கழற்றுவதற்கு முன்னால் அதன் எண்ணெயைப் பாருங்கள் என்பார் அவர். என்ஜின் ஆயில் மாதிரி வண்டியை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒரு தடவை போட்டு எடுத்து, கடைசியில் பார்க்கிங்கில் வைத்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் கம்பியை உருவ வேண்டும். எண்ணெய் சிவப்பாக இருந்தால் பிழைத்தீர்கள். காப்பிக் கலரில் தீய்ந்த நாற்றம் அடித்தால், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னது சரி.

எல்லாம் சரி, சமதளத்துக்கு எங்கே போவது? மலையைப் பற்றிப் பேசவே வேண்டாம். எங்கள் வீட்டில் காரை ஏற்றி நிறுத்துவது வாசலில் போட்ட சரிவில். தெருவோ மழைத் தண்ணீர் ஓடுகிற பக்கம் சாய்ந்திருக்கும். யோசித்து யோசித்து, எங்கள் ஆட்கள் விசேஷம் வைக்கும் கல்யாண மண்டபம் நினைவுக்கு வந்தது. அங்கே எத்தனையோ பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். ரசம் இலையை விட்டு எந்தப் பக்கமும் ஓடியதில்லை. அதே தரையைத்தான் முன்னால் போர்டிகோ வரைக்கும் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை கார் வந்து நிற்கும் இடம் அது.

அந்த வாரமே பங்காளி வீட்டுக் கல்யாணம் ஒன்று வந்தது. கணவர் கொழுந்தனோடு முன்னாடியே போய்விட்டார். நான் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, காரை எடுத்துச் சிலமலை வரைக்கும் போய்த் திரும்பி, நன்றாகச் சூடேற்றி, நேராக மண்டபத்துப் போர்டிகோவில் கொண்டுபோய் நிறுத்தினேன். வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் முகத்தில், மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று ஒரு மலர்ச்சி. நான் இறங்கியதும் அது வாடியது. நான் பானட்டைத் திறந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பியை உருவிக் கைக்குட்டையில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தேன். நுனியில் மட்டும் ஒரு சொட்டு. சூட்டில் நிற்க வேண்டிய கோடு எங்கேயோ மேலே இருந்தது. அந்தச் சொட்டைக் கைக்குட்டையில் வைத்துப் பார்த்தேன், நன்னாரி சர்பத் நிறம். மூக்கில் வைத்தேன், தீய்ந்த வாடையே இல்லை. ஏலக்காய் ஸ்டோரில் வாட்டம் கூடிய காயை வாசனையிலேயே ஒதுக்குகிற மூக்கு இது, பொய் சொல்லாது. கியர்பாக்ஸ் சாகவில்லை, பட்டினி கிடக்கிறது. ஏற்றத்தில் இருக்கிற கொஞ்ச எண்ணெயும் பின்னால் ஒதுங்க, உள்ளே இருக்கிற பம்பு காற்றைக் குடித்துவிட்டு முழிக்கிறது. மலையாளி மெக்கானிக் சொன்னது அப்படியே பொருந்தியது. எனக்கு அங்கேயே குலவை போட வேண்டும் போல இருந்தது.

அதற்குள் வெள்ளை வேட்டிகள் கூடிவிட்டன. ஓடுகிற வண்டியில் எவனாவது ஆயில் பார்ப்பானா, அணைத்துவிட்டுப் பாருங்கள் என்று கொழுந்தன் சத்தம் போட்டார். அதற்கு அக்கம்பக்கத்தில் நாலு தலை ஆடியது. ஆயில் குறையவே குறையாது, கூடத்தான் இருக்கும் என்று என் கணவர் ஓரமாக நின்று சொன்னார். அவருக்கு அது எப்படித் தெரியும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பின்னால் பூ ஜோடித்த கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. நிஜ மாப்பிள்ளை. நான் பானட்டை மூடிவிட்டு, வழிவிட்டேன். இரண்டு நாளைக்கு அந்தக் கல்யாணத்தில் பேச்சு முழுக்க என்னைப் பற்றித்தான் இருந்தது என்று கேள்வி.

கம்பியிலேயே எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று பொறித்திருந்தது. அதே எண்ணெயைத் தேனியில் வாங்கி வந்து, கொஞ்சம் ஊற்றி, பார்த்து, மறுபடி கொஞ்சம் ஊற்றிக் கோடு வரைக்கும் கொண்டுவந்தேன். ஊற்றிய கையோடு என் கார் மலை ஏறிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் வழுக்கிக்கொண்டு போனது. மேலே போய்ச் சாயா குடித்துவிட்டுக் கொழுந்தனுக்குப் போன் போட்டு, கிளட்ச் சரியாகிவிட்டது என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அந்தத் திமிருக்குச் சீக்கிரமே பதில் கிடைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மலையில் பழைய குருடியாக என்ஜின் கத்தியது, கார் நின்றது. நின்றதோடு விடாமல் பின்னால் நகர்ந்தது. பிரேக்கை ஏறி மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கொழுந்தனின் ஜீப்பு, ஒரு முழ இடைவெளியில். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். இறங்கித் தள்ளட்டுமா மதினி என்று அவர் கேட்டபோது, பக்கத்தில் பள்ளம் இல்லாமல் இருந்திருந்தால் அவரைத்தான் தள்ளியிருப்பேன்.

வீட்டில் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னேன். என் கணவர் சிரிக்கவில்லை. சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் ராசிங்காபுரத்துக்குப் போன் செய்தார். வரும் வெள்ளிக்கிழமை காலையில் வந்து காரைப் பார்த்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று பேச்சு முடிந்தது. நான் கத்தினேன். பேசாத மனிதரோடு எவ்வளவு நேரம்தான் கத்துவது, எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மறுபடி கம்பியைப் பார்த்தேன். எண்ணெய் குறைந்திருந்தது, மறுபடி கோடு வரைக்கும் ஊற்றி வைத்தேன். கியர்பாக்ஸ் எண்ணெய் தானாகத் தீர்ந்துபோகாது, குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். கணவருடைய பழைய வெள்ளை வேட்டி ஒன்றை இரவு முழுக்கக் காருக்கு அடியில் விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் பூனைக் கால் தடம்தான் இருந்தது. ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை. ஒழுகவும் இல்லை, எரியவும் இல்லை, எண்ணெய் மட்டும் காணோம். பேய் பிசாசு குடிக்கிறதா என்ன?

வியாழக்கிழமை சாயங்காலம் வாசல் கேட்டைச் சாத்தும்போதுதான் கவனித்தேன். கேட்டு கத்தவில்லை. எங்கள் கேட்டு திறந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும், யார் வந்தாலும் அடுப்படியில் இருந்தே தெரிந்துகொள்வேன். இப்போது வெண்ணெயாகத் திறந்து மூடியது. கீலைத் தொட்டுப் பார்த்தேன், விரலில் சிவப்பு. மோந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தால் என் தையல் மெஷினிலும் அதே சர்பத். இந்த வீட்டில் இருப்பது நானும் அவரும்தான். நான் எண்ணெய் போடவில்லை.

மறுநாள் விடிகிற நேரம் அவர் மெல்ல எழுந்து போனார். நான் தூங்குவது மாதிரிக் கிடந்துவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றேன். சரிவில் நின்ற காரின் பானட்டைத் திறந்து, கம்பியை உருவி, வானத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு கம்பி இருந்த ஓட்டைக்குள் ஒரு டியூப்பை விட்டார். என் ஆபரேஷனுக்கு வாங்கி மிஞ்சிப்போன குளுக்கோஸ் டியூப்பு அது. அதன் மறுமுனையில் கடையில் பூச்சிமருந்து அளக்கிற பெரிய சிரிஞ்ச். நிதானமாக இழுத்தார். என் காரின் ரத்தத்தை என் கண் முன்னாலேயே எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரை விற்க வைக்க இவ்வளவு சதியா? செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்ப் பின்னால் நின்றேன்.

“என்ன சோலிங்க இது?”

அவர் திடுக்கிட்டார், ஆனால் திருடன் மாதிரி முழிக்கவில்லை. “ஆயிலு கோட்டத் தாண்டி நிக்கிது பாரு. கூடுச்சுன்னா உள்ள சீலு பிச்சிக்கிரும். கோட்டுக்கு வர்ற மட்டும் எடுத்துட்டா சரியாப் போயிரும்.”

“இத எப்பருந்து பாக்குறீங்க?”

“போன மழையில மலை வளைவுல மரம் விழுந்து பாதை அடைச்சுச்சுல்ல, அப்பருந்து பயம். நீ மேல போற நாளெல்லாம் பாக்குறேன். நீ தனியாப் போற வண்டி. பாக்காம எப்படி அனுப்புறது?”

மடியில் இருந்த சாவியை எடுத்துப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஒவ்வொரு கியராகப் போட்டுப் பழையபடி பார்க்கிங்குக்குக் கொண்டுவந்தேன். இப்போது பாருங்கள் என்றேன்.

அவர் கம்பியைத் துடைத்து விட்டு எடுத்தார். நுனிதான் நனைந்திருந்தது. மறுபடி துடைத்து, மறுபடி விட்டார். எங்கே போனது என்று என்னைப் பார்த்தார். காலையில் வேலையாட்கள் எல்லாம் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு, ஷெட்டு நிறைய ஆள் இருக்கிறதே என்று பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் காய் யார் எடுப்பது என்று கேட்டேன். அணைத்த வண்டியில் எண்ணெய் எல்லாம் கீழே இறங்கி உட்கார்ந்திருக்கும். ஓடும்போதுதான் மேலே போய் வேலை பார்க்கும். அதிலும் நம் வாசல் சரிவில் அளவே தப்பாகக் காட்டும். வாரா வாரம் நீங்கள் அனுப்பிவிட்டது வேலைக்காரனை என்றேன்.

அவருக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“அப்ப, அன்னைக்கு வளைவுல வண்டி பின்னால போச்சுன்னியே…”

ஆமாம் என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று அந்த நிமிஷமே தோன்றியது. சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிஞ்சில் இருந்த எண்ணெய் அவர் வேட்டியில் சொட்டியது, அதைக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாளாக நான் திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்தது எல்லாம் எங்கே போனதோ, எனக்கு அழுகைதான் வந்தது. வீட்டில் மிச்சம் இருந்த எண்ணெயையும் புனலையும் எடுத்து வந்தேன். என்ஜின் ஓட ஓட, உறிஞ்சி எடுத்த அளவுக்கு அவர் ஊற்ற நான் அளந்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டு சத்தமே இல்லாமல் திறந்து, ராசிங்காபுரத்துக்காரர் உள்ளே வந்து நின்றார். காரைச் சுற்றி வந்தார், டயரைக் காலால் உதைத்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும், வேட்டியில் இருந்த சிவப்பையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டியில் என்ன கம்ப்ளைன்ட் என்று கேட்டார்.

“கம்ப்ளைன்ட் வண்டியில இல்லப்பா,” என்றார் என் கணவர். “எங்கிட்டத்தான். வண்டி குடுக்கலை.”

வந்தவருக்குக் கோபம். அத்தனை தூரம் வந்த வயிற்றெரிச்சலில், அப்படியென்றால் கம்ப்ளைன்ட் உள்ளதையாவது எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று என்னிடம் கேட்டார்.

“அதையும் குடுக்கலைண்ணே,” என்றேன். “அது பழைய வண்டி. எனக்கு மட்டுந்தான் ஓட்ட வரும்.”

என் கணவர் தலையைக் குனிந்தபடியே கையைத் துடைத்துக்கொண்டு, பானட்டை மூடிவிட்டு, நான் வெளியே எடுக்கக் கேட்டைத் திறந்து பிடித்தார்.